மஞ்சள் பெருக்கல் குறி

மில் பாலத்தருகே நிற்கும் ஓக் மரத்தில் அந்த மஞ்சள் பெருக்கல் குறியை வரைந்தவள் மோரிசெட்தான். வேறு யாராவது வரைந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

வில்மார்த் ஊர் நடைக் கழகத்தில் வண்ண டப்பாவும் தூரிகையும் அவள் பொறுப்பு. மரத்தில் ஒரு மஞ்சள் கோடு இருந்தால் இந்த வழியாகப் போகலாம். பெருக்கல் குறி இருந்தால் இங்கே வரக்கூடாது. சென்ற இலையுதிர் காலத்தில் காட்டுக்குச் சொந்தக்காரரான லகாசான், கையில் ஒரு பாட்டில் வால்நட் மதுவோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். குரலில் அப்படி ஒரு பவ்வியம்.

"மரம் வெட்டப் போறோம் மதாம். யார் தலையிலயாவது விழுந்து தொலைச்சா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். கொஞ்ச நாளைக்கு ஆளுங்கள மேட்டு வழியா திருப்பி விட்டுடுங்களேன்."

கேட்டது நியாயம்தான். காட்டுப் பாதையில் இருந்த கோடுகளை அழித்துவிட்டு, அதன் இரண்டு முனைகளிலும் மோரிசெட் தன் கையாலேயே குறி போட்டாள். ஒரு சொட்டு வழியாமல், கோணல் இல்லாமல், வெகு அழகாகப் போட்டாள். மதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே மரவெட்டு முடிந்துவிட்டது. குறியை அழிக்கத் தூரிகையோடு போனவளை லகாசான் வழியிலேயே நிறுத்தினார். இந்த முறை கையில் பாட்டில் இல்லை.

"மரம் என்னோடது. என் மரத்துல வண்ணம் பூச என் சம்மதம் வேணும். அது உங்க கழகத்து விதிதானே? அந்த விதிய நானா போட்டேன்?"

அதுவும் உண்மைதான். பாதை ஊருக்குச் சொந்தம், இரண்டு பக்கமும் நிற்கும் மரங்கள் அவருக்குச் சொந்தம். மோரிசெட் தூரிகையைத் துணியில் சுருட்டிக்கொண்டு திரும்பினாள்.

வசந்தம் வந்ததும் ஊராட்சி மன்றக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. காட்டுப் பாதையை யாரும் பயன்படுத்துவதில்லையாம், அதனால் அதை லகாசானுக்கு விற்றுவிட யோசனையாம். மக்கள் நடப்பதை விட்டுவிட்ட பாதையைத்தான் ஊர் விற்கலாம் என்பது சட்டம். அதை நேரில் பார்த்துச் சொல்ல ஒரு விசாரணை அதிகாரி செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறாராம். வராதே என்று குறி போட வைத்த மனிதரே, ஒருத்தரும் வருவதில்லை என்று மனுக் கொடுத்திருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் மோரிசெட்டுக்குப் புரிந்தது.

அந்தப் பாதை ஒன்றும் உலக அதிசயம் இல்லை. பழைய மில் வாய்க்காலை ஒட்டி, செஸ்ட்நட் மரங்களுக்கு நடுவே சமதளமாகப் போகும். ஆனால் வில்மார்த்தில் சமதளம் என்பது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஏற்றமும் இறக்கமும். இடுப்பு எலும்பை மாற்றி வைத்த பிறகு மோரிசெட் மறுபடி நடக்கப் பழகியது அங்கேதான். செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் மெதுநடைக் கும்பலுக்கும், அதாவது ஊரார் வாயில் நத்தைக் கூட்டத்துக்கும், அதை விட்டால் வேறு கதி இல்லை. மேட்டு வழியில் போய்ப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் மரலாரி பறக்கும் தார்ச்சாலையோரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

தேவாலயச் சதுக்கத்து மேஜையில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் வைனும் பரப்பியிருந்த மதிய வேளையில் மோரிசெட் பேச்சை எடுத்தாள்.

"நாளையிலேர்ந்து எல்லாரும் பழைய வழியிலயே நடப்போம். அதிகாரி வரும்போது அவங்க கண்ணுக்கு ஆளுங்க தெரியணும்."

"குறி இருக்கே, மோரிசெட்," என்றார் ஆன்செல்ம். கழகத்தின் தலைவர். வாலிபத்தில் பால் விலைக்காக அரசு அலுவலக வாசலில் டிராக்டர் டிராக்டராகச் சாணத்தைக் கொட்டியவர். அப்பேர்ப்பட்ட வீரர் இப்போது ஒரு மஞ்சள் பெருக்கல் குறிக்குப் பயந்து சீஸை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அதை வரைஞ்சதே நான்தானேய்யா!"

"யார் வரைஞ்சா என்ன, குறி குறிதான். நாமளே மீறினா வெளியூர்க்காரன் எவன் மதிப்பான்?"

"அப்ப அழிச்சுத் தொலையேன்," என்றாள் ஹுகெட், வாய் நிறைய ரொட்டியோடு. மூச்சு இரைப்பு உள்ளவள், ஆனால் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் மூச்சு தாராளமாக வரும்.

"மரம் அவனோடது. தொட்டா போலீசுக்குப் போவான்," என்றார் ஆன்செல்ம்.

"அழிக்கவும் கூடாது, மீறவும் கூடாதுன்னா என்னதான் செய்யறது?"

"அதைத்தான் யோசிக்கணும்," என்று ஆன்செல்ம் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார். அந்த யோசனை வைனோடு சேர்ந்து முடிந்தது.

மோரிசெட் தனியாக நடந்தாள். தினமும் நடந்தாள். ஒரு நாள் பாதையின் நடுவே பெரிய செஸ்ட்நட் மரத்துண்டு குறுக்கே கிடந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக அந்தப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தபோது லகாசான் தன் நாயோடு வந்து சேர்ந்தார்.

"மறுபடியும் நீங்களா மதாம்?"

"மறுபடியும் நான்தான் முசியே. ஊர்ப் பாதையில மரம் விழுந்து கெடக்கு, பார்த்தீங்களா?"

"ராத்திரி காத்து அடிச்சுதே."

"ரெண்டு முனையையும் ரம்பத்தால அறுத்துட்டுப் போற காத்தா? எங்க வீட்டுப் பக்கம் அந்த மாதிரி அடிக்கலையே."

லகாசான் சிரித்தார். நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "செவ்வாய்க்கிழமை நீங்களும் தாராளமா வாங்க. ஆனா உங்க ஒருத்தியப் பார்த்து பொதுமக்கள் நடக்கறாங்கன்னு எந்த அதிகாரியும் எழுத மாட்டாங்க. பொதுமக்கள்னா நாலு பேராவது வேணும் மதாம். உங்களுக்கு உங்க கூட்டமே வரல."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவர் போன பிறகு மோரிசெட்டுக்கு அழுகை வந்தது. அழுகையைக் கோபம் முந்திக்கொண்டது. இந்த ஆளிடம் தோற்பதா? அதுவும் தானே வரைந்த குறியாலா? மரத்துண்டின் மேலேயே உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். ஓக் அவருடையது, செஸ்ட்நட் அவருடையது, வாய்க்கால் கரைக் கல்லும் அவருடையது. இந்தப் பாதையில் அவருக்குச் சொந்தமில்லாதது என்ன இருக்கிறது? மண்ணும் தானும்தான். மண்ணில் வண்ணம் நிற்காது.

செவ்வாய்க்கிழமை காலை சதுக்கத்தில் நத்தைக் கூட்டம் கைத்தடிகளோடு கூடியிருந்தது. மோரிசெட் முதுகுப்பையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். டப்பாவைத் திறந்து, பையின் வெளிப்புறத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டாள்.

"நல்ல பையாச்சேடி!" என்று ஹுகெட் அலறினாள்.

"ஆன்செல்ம், பழைய குறி ஒண்ணு சொல்லுது, புதுக் குறி வேற சொல்லுது. எதைக் கேட்கணும்?"

"புதுசைத்தான். அது விதி."

"இது இன்னும் காயக்கூட இல்ல. இதைவிடப் புதுசு இந்த ஜில்லாவுலயே கிடையாது."

"பையில போட்டா அது குறியா? மரத்துல இருக்கணும், கல்லுல இருக்கணும், இல்ல ஒரு கம்பத்துல இருக்கணும்."

"நான்தான் கம்பம். இடுப்புல உலோகம் வெச்ச கம்பம். போதுமா?" பையை மாட்டிக்கொண்டாள். "டப்பாவ மூடல. இங்கயேதான் இருக்கு. வர்றவங்க வாங்க, வராதவங்க அவன்கிட்ட போய் இன்னொரு பாட்டில் வாங்கிக் குடிங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்களோ என்ற பயம். பாலம் வந்தது, ஓக் மரம் வந்தது. தன் அழகான பெருக்கல் குறியைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டு உள்ளே நுழைந்தாள். வாய்க்கால் தண்ணீரின் இரைச்சலில் பின்னால் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இடுப்பு வலித்தது. தனியாகத்தான் என்றால் தனியாகவே, என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

குறுக்கே கிடந்த மரத்துண்டுக்கு அந்தப் பக்கம் லகாசான் தன் நாயோடு நின்றிருந்தார். பக்கத்தில் விசாரணை அதிகாரி, நகரத்துச் சப்பாத்து போட்ட நடுத்தர வயதுப் பெண்.

"நான் சொன்னேனே, இவங்கதான்," என்றார் லகாசான். "இவங்க ஒருத்தி மட்டும்தான்."

அதிகாரி மோரிசெட்டைப் பார்த்தார். "மதாம், இது உங்க கழகத்தோட பாதையா? வராதேங்கற குறியைத் தவிர ஒரு கோட்டைக்கூடக் காணோமே."

"இருக்கே மதாம்," என்று முதுகைக் காட்டத் திரும்பினாள் மோரிசெட்.

திரும்பியபோதுதான் வந்த வழியைப் பார்த்தாள். செஸ்ட்நட் நிழலில் நத்தைக் கூட்டம் மொத்தமும் வந்துகொண்டிருந்தது. சிலர் பையில் மஞ்சள், சிலர் தொப்பியில் மஞ்சள். ஹுகெட்டுக்கு அவசரத்தில் மூக்கிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஆன்செல்மிடம் பை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் முதுகிலேயே பட்டையாக அடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இதெல்லாம் நாடகம்!" என்றார் லகாசான்.

ஆன்செல்ம் மரத்துண்டின் மேல் கைத்தடியை ஊன்றினார். பழைய சாணக்காரரின் குரல் திரும்பியிருந்தது. "போன வருஷம் வரைக்கும் செவ்வாய்க்கிழமை தவறாம நடந்தோம். மரம் வெட்டறேன், வராதீங்கன்னே. மரியாதைக்கு வரல. வராதேன்னு சொன்னது நீதான்னு இந்த அம்மாகிட்ட சொன்னியா?"

அதிகாரி லகாசான் பக்கம் திரும்பினார். "அந்தக் குறி நீங்க கேட்டுப் போட்டதா?"

லகாசான் குனிந்து நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஒருவர் கையை ஒருவர் பிடித்து, முனகி, திட்டி, சிரித்து, நத்தைக் கூட்டம் மரத்துண்டைத் தாண்டியது. லகாசானைக் கடந்ததும் அத்தனை முதுகுகளும் அவர் கண்முன்னே மஞ்சளாக வரிசை கட்டிப் போயின. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, தன் சப்பாத்தை ஒரு முறை வருத்தத்தோடு பார்த்துவிட்டு, கடைசி முதுகின் பின்னாலேயே நடக்கத் தொடங்கினார்.

முன்னால் போன மோரிசெட் அப்போதுதான் நின்று திரும்பினாள்.

"நீங்களும் வாங்க முசியே!" என்று உரக்கக் கூப்பிட்டாள். "பொதுமக்கள்ல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு!"

அவர் வந்தாரா என்று அவள் பார்க்கவில்லை. நடக்க இன்னும் பாதி வழி மிச்சம் இருந்தது.