பலவீனத்துக்கு விட்ட இடம்

வட மாகாணத்தில் எங்கேயாவது சுருதி பிசகினால் அது முதலில் கடவுளுக்குத் தெரியும். அடுத்ததாக அனலைதீவில் சங்கீதம் படிப்பிக்கும் பிரதாபனுக்குத் தெரியும். இதைச் சொல்லும்போது பிரதாபன் சிரிப்பதில்லை. கடவுளை முன்னால் விட்டதே ஒரு மரியாதைக்குத்தான்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர்கள் தொழில் இலக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இலக்கு என்ற இடத்தில் பிரதாபன் 'குழுப்பாடலில் வலய முதலிடம்' என்று எழுதியாயிற்று. பலவீனம் என்ற கட்டம்தான் பாக்கி. பதினொரு வருடமாக அதில் 'இல்லை' என்றே எழுதி வருகிறார். பக்கத்துக் கதிரையில் புதிதாக வந்த கணக்கு ரீச்சர் ஜெனீற்றா பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். 'பின்னம் விளங்கப்படுத்த வருகுதில்லை.'

"கணக்கு ரீச்சருக்குப் பின்னம் வராதெண்டு எழுத்திலை குடுக்கிறீரோ?"

"வராததைத்தானே சேர் கேக்கினம்."

"இல்லை எண்டு எழுதோணும் பிள்ளை. அதுக்காகத்தானே அந்தக் கட்டத்தைச் சின்னனாய் விட்டிருக்கினம்."

ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. பிரதாபனுக்கு மட்டும் பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஊர்காவற்றுறை மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவள் இவள். பின்னம் வராது என்று எழுதினால் கணக்கைப் பறிப்பார்கள். பறித்துவிட்டு எதைக் கொடுப்பார்கள்? சங்கீதத்தை.

அதோடு எல்லாம் பொருந்தி வந்தது. இவள் வந்த நாள் முதல் சுருதிப் பெட்டியில் பிசகு. திருகில் பென்சில் அடையாளம் போட்டார். பெட்டியை அலுமாரியில் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார். அடையாளம் அசையவில்லை, சுருதி மட்டும் அசைந்தது. கள்ளத் திறப்பு வைத்திருக்கிறாள் என்பது உறுதியாயிற்று.

அன்று குழுப்பாடல் பழக்கும்போது துஷாந்தினி என்ற பிள்ளை வழக்கம்போலச் சுருதிக்குக் கீழே இறங்கினாள்.

"ஏத்து பிள்ளை."

ஏற்றினாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையும் அவருக்குப் பிடிக்கவில்லை. பாடச் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பை மறைத்த தட்டியில் இடக்காதை ஒட்டினார். அங்காலே அரையின் அரைவாசி எவ்வளவு என்பதைத் தவிர வேறு சதி எதுவும் நடக்கவில்லை.

ஆனால் இங்காலே சுருதிப் பெட்டி சரியாயிருந்தது. துஷாந்தினி ஏற்றிய குரல்தான் சுருதியை விட்டு மேலே நின்றது.

காதைத் தட்டியிலிருந்து எடுத்தார். பெட்டி பிசகியது. கையால் இடக்காதைப் பொத்தினார். சரியாயிற்று. பதினொரு வருடமாக, வெள்ளைச் சேட்டில் உப்புத்தண்ணீர் தெறிக்காத இடமென்று, நாளும் தீவுக்கு வரும் வள்ளத்தில் எஞ்சினோடு அணைந்து இருந்து வந்தவர் அவர். எஞ்சின் எப்போதும் இடப்பக்கம்.

"இன்னும் ஏத்தவோ சேர்?"

"வேண்டாம். முதல் பாடின இடத்திலையே பாடு."

பாடினாள். காதைப் பொத்தியபடியே கேட்டார். ஒரு மயிரிழை பிசகில்லை. போன வருடம் போட்டியில், சுருதி சேரவில்லை என்ற நடுவரைப் பற்றி அவர் வலயக் கல்விக் கந்தோருக்கு எழுதிய மூன்று பக்கக் கடிதம் நினைவுக்கு வந்தது. இந்தக் காதைப் பற்றித் தெரிந்தால் அதே கந்தோர் இனி இவரிடம் ஒரு பிள்ளையையாவது பாட விடுமா?

இடைவேளைக்கு ஆசிரியர் அறையில் ஜெனீற்றா மட்டும் இருந்தாள்.

"உந்தப் பென்சிலை ஒருக்கால் தாரும்."

எதற்கென்று கேட்காமல் கொடுத்தாள். பிரதாபன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்து, அந்தச் சின்னக் கட்டத்தின் மூலையில், வாசிப்பவர் கண்ணாடி தேடும் அளவுக்குச் சிறிதாக எழுதினார்: இடது காது. பிறகு அதிபரின் மேசையில் இருந்த படிவக் கட்டைத் தூக்கி, ஜெனீற்றாவின் தாளுக்கு அடியில் தன்னுடையதைச் செருகி, விளிம்புகள் ஒன்றாகும்வரை தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டு நின்றார்.