இடப்பக்கம் இழுத்த படகு

நான் செய்த படகு கோணல் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதையே நான் என் வாயால் சொல்ல வேண்டி வந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினொரு மாதம் சொன்னேன்.

துடுப்புப் படகு செய்வது என் தொழில். தேவதாரு மரத்தை விரலகல ரீப்பர்களாக அறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே பைபர் துணி போர்த்தி ரெசின் பூச வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம், ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியும். அந்தப் படகுகளில் வைக்கிற தோள்பைகளைத் தைப்பது என் மனைவி. வீட்டை ஒட்டிய பட்டறையில் ஜன்னல் இருக்கிற பாதி அவளுக்கு, தூசு பறக்கிற பாதி எனக்கு. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நான் ஒரு பலகையைக்கூட நகர்த்த மாட்டேன் என்பதால் மச்சினன் எனக்கு ரசமட்டம் என்றே பேர் வைத்திருந்தான். அக்காவும் தம்பியும் சேர்ந்துவிட்டால் வீட்டில் எனக்கு வேறு பேரே கிடையாது.

வருடத்துக்கு ஒரு முறை பட்டறையைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் காட்டு ஏரிகளுக்குப் போவோம், நானும் அவளும் மட்டும். ஓர் ஏரி முடிகிற இடத்தில் படகைக் கவிழ்த்து நான் தோளில் ஏற்றிக்கொள்வேன். கூடாரத்தையும் பைகளையும் அவள் சுமப்பாள். அடுத்த ஏரிவரை நடை. தண்ணீரில் இறங்கினால் அவள் முன்னால் உட்கார்ந்து இடப்பக்கம் துடுப்புப் போடுவாள், நான் பின்னால் உட்கார்ந்து வலப்பக்கம். படகு கொஞ்சம் விலகினால் பின்னால் இருப்பவன்தான் துடுப்பை ஒரு வளை வளைத்து நேராக்க வேண்டும். அதனால் பன்னிரண்டு வருடமாகத் தண்ணீரில் நான் பார்த்ததெல்லாம் அவள் முதுகையும் பின்னலையும்தான்.

எங்களுக்கென்று நான் செய்துகொண்ட படகு தங்கமான படகு. பத்து இழுப்புக்கு ஒரு முறை வளைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஏரியில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு இழுப்புக்கே அது இடப்பக்கம் ஒதுங்கியது.

"உனக்கு ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன்.

"காத்தா இருக்கும்," என்றாள்.

காற்று இல்லை. ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு, 'எட்டுக்கு ஒன்று, இடம்' என்று எழுதினேன். நாலு மாதத்தில் ஏழு ஆனது, எட்டாம் மாதம் ஆறு. மரம் முறுக்கிக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். படகைக் கவிழ்த்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சாண் சாணாக அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நான் விடுகிற ஆளா? தேடினால் கிடைக்காமல் போகுமா? அடிப்பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு மேடு இருப்பதாகக் கண்டுபிடித்து, பூச்சையெல்லாம் சுரண்டி, இழைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி துணி போர்த்தி ரெசின் பூசினேன். மூன்று வாரம் அந்த வேலை.

அந்த மூன்று வாரத்தில் அவளுடைய இடது செருப்பு நடக்கும்போதே கழன்று பின்னால் கிடக்கும். அது தெரியாமல் அவள் நாலு அடி நடந்துவிடுவாள். "பாத்துக் குடுக்கக்கூடாதா, இவ்வளவு தொளதொளன்னு," என்று செருப்புக்கடைக்காரனைத் திட்டினேன். இரண்டு கோப்பைகள் கைதவறி உடைந்தன. பையின் கொக்கியை மாட்டிவிடச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள், ஆயிரம் கொக்கி மாட்டியவள். ஒரு கையால் மாட்டிக்கொடுத்துவிட்டு மறு கையால் உப்புத்தாளைத் தேடினேன்.

பூச்சு காய்ந்த அன்று அவளுக்குத் தலைவலி. மச்சினனை முன்னால் உட்கார வைத்து ஏரியில் இறக்கினேன். படகு கோடு கிழித்த மாதிரி போனது. பத்து இழுப்பு, பதினொன்று, பன்னிரண்டு, நான் வளைக்கவே வேண்டியிருக்கவில்லை.

"மாமா, இதுலயா கோளாறுன்னு இத்தனை நாளா உசிர வாங்கினீங்க?" என்றான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக வீட்டுக்கு ஓடினேன். அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சரி பண்ணிட்டேன். உன் தம்பிய உக்கார வச்சு ஓட்டினேன். ஒரு துளி ஒதுங்கலை," என்றேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். தன் இடது கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். 

"நல்லதாப் போச்சு," என்றாள்.

கோளாறு எதில் என்று அவளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. நான் கைகழுவப் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பயணம் கிளம்பினோம். முதல் நாளே ஐந்து. இரண்டாம் நாள் ஏரியின் நட்டநடுவில் மூன்று இழுப்புக்கு ஒரு முறை வளைக்க வேண்டியிருந்தது. என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மூன்று வார உழைப்பு வீண் என்கிற ஆத்திரம் வேறு. அதை யாரிடம் காட்டுவது? முன்னால் ஒரு முதுகு இருந்தது.

"தூங்குறியா? ஒழுங்கா இழு. தண்ணியத் தடவிக் கொடுக்கவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?"

அவள் திரும்பவில்லை. "இழுத்துட்டுத்தாங்க இருக்கேன்," என்றாள். அந்த முதுகு நடுங்கியதைப் பார்த்தேன். கோபத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரவு கூடாரத்தில் பேசாமல் படுத்துக்கொண்டாள். நானும் வீம்பாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில் படகு இடப்பக்கமாக வட்டமே போட ஆரம்பித்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய வலது கை துடுப்பின் தலையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. இடது கை துடுப்பை விட்டுவிட்டு, படகுக்கு வெளியே தொங்கி, முழங்கைவரை தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. ஒழுங்காக இழுக்கிறோம் என்று நினைத்து அவள் தலை ஒவ்வொரு இழுப்புக்கும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

அவளைப் படகின் நடுவில் படுக்க வைத்து, மூட்டைகளைக் கரையிலேயே போட்டுவிட்டு, ஒரே ஆளாக இரண்டு நாள் துடுப்புப் போட்டேன். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே முதலில் அவளைச் சுமந்து இறக்கிவிட்டுத் திரும்பி வந்து படகைச் சுமந்தேன்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா, "எப்போலேர்ந்து இந்தக் கை பலமில்லாம இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசமா," என்றாள் இவள்.

"இல்லை," என்றேன்.  சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன்.

டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தேதி, எட்டு, இடம். தேதி, ஏழு, இடம். இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் முதல் தேதிக்குத் திரும்பி மாதங்களை விரல்விட்டு எண்ணினாள்.

"பதினோரு மாசம். இவ்வளவு துல்லியமா யாரும் எங்கிட்ட எழுதிக் கொண்டுவந்ததில்லை," என்றாள். பிறகு, நான் கேட்டதால்தான் சொன்னாள்: "ஏழு, ஆறுன்னு எழுதியிருக்கீங்களே, அப்பவே வந்திருந்தா கட்டிய எடுத்திருக்கலாம். இப்ப கை வைக்க முடியாத இடத்துக்குப் போயிடுச்சு."

இன்னும் நாலு மாதம்தான் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே ரம்பத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். படகின் விளிம்பில் ரம்பத்தின் பல்லை வைத்துவிட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள்.

"அதை ஏன் அறுக்குறீங்க? அது நேராத்தானே இருந்துச்சு."

ரம்பம் என் கையிலிருந்து விழுந்தது. தரையில் உட்கார்ந்து, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அழுதபடி கேட்டேன்.

"பயமா இருந்துச்சுங்க. டாக்டர்கிட்ட காட்டினா நோய்க்குப் பேர் வச்சிடுவாங்க. இன்னும் ஒரு தடவை ஏரிக்குப் போயிட்டு வந்துடுவோம், அப்புறம் என்ன பேர் வேணா வைக்கட்டும்னு நெனச்சேன்." சுவரில் சாய்ந்துகொண்டு, "அதுவரைக்கும் எப்படியாவது இழுத்துடலாம்னுதான் பாத்தேன்," என்றாள்.

மூன்றாம் மாதம், ஏரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டாள். இனி தானாக நிமிர்ந்து உட்கார அவளால் முடியாது; சரிந்தால் எனக்குத் தெரிய வேண்டும். முன் இருக்கையில் சாய்மானம் வைத்துத் திருப்பிப் போட்டேன். மச்சினன் அவளைக் குழந்தையைப் போலத் தூக்கி எனக்கு எதிரே உட்கார வைத்துவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டான். நான் துடுப்பைப் போட்டேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முகத்தின் வலது பாதிதான் சிரித்தது.

"துடுப்புப் போடும்போது இப்படியா மூஞ்சிய வச்சிருப்பீங்க, ரசமட்டம்? யாரோ கடன்காரன் துரத்துற மாதிரி," என்றாள். "தெரிஞ்சிருந்தா முன்னாடியே திரும்பி உக்காந்திருப்பேன்."

பன்னிரண்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நான் ஒரே பாட்டைப் பாடினேன். படகில் அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள், முகத்தைப் பார்க்க வழியே இல்லை, பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்றேன். பாவம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மச்சினன் மட்டும் தலையாட்டாமல் எழுந்து வெளியே போனான்.

அவன் போனது நியாயம். வீட்டில் மூன்று வேளையும் அவள் எனக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.