மூன்று முறை பார்த்த படம்

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கிழவனும் கிழவியும் காதலிக்கும் படம் மலாக்காவுக்கு வந்துவிட்டது. அறுபதை எட்டப்போகும் டோபிக்கடை நல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. காஜா பெராங் தெருத் தோசைக்கடையில் பசியாற வந்தவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளினார்.

"இந்தக் கண்றாவியப் பாக்கவா மெர்டேக்கா வாங்குனோம்? மூணு தடவ பாத்துட்டேன், சகிக்கல!"

கடைக்காரி சிவகாமசுந்தரி, புருஷனை இழந்து பத்து வருஷமானவள், தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

"கடைசியில அந்தக் கெழவன் அவகிட்ட என்னதான் சொல்றான்?"

மூன்று தடவையும் நல்லையா பார்த்தது திரையையா? பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த இவளை அல்லவா!

"நீங்களுந்தானே மூணு தடவ வந்தீங்க? தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நீங்க பாக்குறீங்களான்னு பாக்குறதுக்குள்ள மூணு தடவையும் படம் முடிஞ்சிருச்சே!"