பச்சை வளையம்

அந்த ஆய்வகத்தில் கைராசி பார்ப்பார்கள். முதல் கரும்பு நடுகிறவருக்குக் கைராசி பார்த்தாலும் ஒரு அர்த்தம் இருக்கிறது. மரபணுவை வெட்டி ஒட்டுகிற இடத்தில் அதற்கு என்ன வேலை? ஆனாலும் சேலத்தில் இருந்த அந்த ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற அத்தனை பேரும் அதை நம்பினார்கள். கோகுல்ராஜுக்குக் கைராசி உண்டு, பிரவீனாவுக்குக் கிடையாது. வழிகாட்டிப் பேராசிரியர் தண்டாயுதபாணியே சொல்லிவிட்டார், அப்புறம் மறுபேச்சு ஏது.

பிரவீனா மோகனூர்க்காரி. மூன்று வருஷமாக ஈஸ்ட் செல்லோடு மல்லுக்கட்டுகிறாள். ஈஸ்ட் இரண்டாகப் பிரியும்போது தாய் செல்லுக்கும் அதில் முளைக்கும் மொட்டுக்கும் நடுவே ஒரு புரதம் வளையமாகக் கட்டி நிற்கும். அதன் மரபணுவின் வாலில் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒட்டிவிட்டால், நுண்ணோக்கியில் வளையம் கண்ணுக்குத் தெரியும். ஒட்டினாள். ஐந்து தடவை ஒட்டினாள். ஐந்து தடவையும் கும்மிருட்டு.

"உன் கை சரியில்லம்மா. திங்கக்கிழமை குளோனையெல்லாம் கோகுல்கிட்டக் குடுத்துரு. நீ வேற தலைப்புப் பாரு" என்றார் பேராசிரியர்.

மூன்று வருஷ உழைப்பு! அஸ்தம்பட்டி விடுதிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து குளோனின், அதாவது தான் ஒட்டிச் சேர்த்த மரபணுத் துண்டின், எழுத்து வரிசையை முதலிலிருந்து படித்தாள். ஒவ்வொரு மரபணுவின் கடைசியிலும் 'இதோடு போதும்' என்று செல்லுக்குச் சொல்லும் ஸ்டாப் ஒன்று உண்டு. வாலில் எதை ஒட்டுவதானாலும் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்கவே இல்லை. பச்சைக்குப் போகும் முன்பே செல் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கிறது. வடிவமைப்பு பேராசிரியருடையது. பெரியவர் போட்டது என்று யாரும் சரிபார்க்கவில்லை, அவளும்தான். அதற்காகத் தன்னையும் ஒரு பாட்டம் திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள்.

"ஏனுங்க சார், உங்க டிசைன்ல ஸ்டாப் அப்படியே இருக்குதுங்க. அதை எடுத்துட்டு நான் ஒண்ணு பண்றேனுங்க. கோகுல் அண்ணன் பழைய டிசைன்லயே பண்ணட்டும். என்னுது இருட்டா இருந்தா தலைப்ப உட்டுட்டுப் போயிடறேனுங்க."

"முப்பது வருஷ அனுபவத்துகிட்டப் பந்தயமா?" பேராசிரியர் சிரித்தார். "பண்ணு, பாக்கலாம்."

நாலு வாரம் கழித்து எல்லாரும் நுண்ணோக்கியைச் சுற்றி நின்றார்கள். முதலில் கோகுல்ராஜின் செல்கள். நுண்ணோக்கியின் திரையைக் குனிந்து பார்த்தவன் நிமிர்ந்தான்.

"ஒண்ணுமே தெரியலைங்க சார்."

அடுத்து பிரவீனாவுடையது. திரை முழுக்கப் பச்சை வளையங்கள். ஒவ்வொரு தாய்க்கும் மொட்டுக்கும் நடுவே ஒன்று. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழுவதாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். "பரவால்லியே, உனக்கும் கைராசி வந்துருச்சு. அறிக்கைல தொழில்நுட்பக் கோளாறு சரி செய்யப்பட்டதுன்னு போட்டுக்கலாம்."

"அறிக்கைய நேத்தே எழுதிட்டேனுங்க சார்." பிரவீனா காகிதத்தை மேசைமேல் வைத்தாள். "ஸ்டாப்ப எடுக்காம உட்டது யாரு, அதைப் பாக்காம உட்டது யாருன்னு ரெண்டு பேரு பேரும் இருக்குதுங்க. ரெண்டாவது என் பேரு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன், நீங்க போடுங்க."