ஆடிக்கு முன் மூடிய செட்டை

மூன்று குளிர்காலமாக எங்கள் கார் வெளியில் பனிக்குள் நின்றது. கராஜுக்குள் விமானம் நின்றது. கனடாவில் நாங்கள் இருக்கிற மல்வேர்ன் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வீடு எங்களுடையது மட்டும்தான். விடிய ஐந்தரைக்கு நான் கார்க் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே அந்தக் கோதாரி விழுந்த விமானம் ஹீட்டர் போட்டுச் சொகுசாகக் கிடக்கும். பசை காய்வதற்குச் சூடு வேண்டுமாம். எனக்குச் சூடு வேண்டாமா என்று கேட்டால் இவர் சிரிப்பார்.

இவர் என்றால் என் புருஷன் குலசிங்கம். ஊரில் இரத்மலானை விமான நிலையத்தில் பன்னிரண்டு வருஷம் விமானம் திருத்தியவர். கனடாவில் அதே வேலைக்கு எழுதிப்போட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான், கனடிய அனுபவம் இல்லை. கடைசியில் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்து சைலன்சர் மாற்றுகிற வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் அதைச் செய்தார். ஒரு நாளாவது வாய் திறந்து குறை சொன்னாரா என்றால் இல்லை, எனக்கு அதில்தான் கூடக் கோபம்.

விமானம் விட்பி என்கிற ஊருக்கு அங்கால் ஒரு தோட்டக்காரரின் களஞ்சியத்தில் கிடந்தது. அந்த மனுஷன் தன் வீட்டில் தானே கட்டிய சின்ன விமானம் அது. சோளத் தோட்டத்துக்குள் இறக்கி, இடப்பக்கச் செட்டையை, அதுதான் இறக்கையை, முறித்து, மனம் வெறுத்துப்போய் மூடி வைத்திருந்தார். எலி உள்ளே குடும்பம் நடத்தியிருந்தது. கொண்டுபோங்கோ, என் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். இவர் அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். எங்கள் கலியாணத்தன்று என்னை இப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வீட்டில் கட்டிய விமானம் திரும்பப் பறக்க வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து விழுந்தால் அது விமானம். விழாவிட்டால் கராஜை அடைத்துக்கொண்டு கிடக்கிற சாமான். இவருக்கு அந்தக் கையெழுத்து விமானத்தையும் விடப் பெரியது. இந்த நாட்டில் ஒருவராவது இவருடைய வேலையைப் பார்த்து, சரி, இது விமான வேலைதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருஷமாக வேலையால் வந்து, சாப்பிட்டு, கை கழுவி, மற்றக் கதவால் கராஜுக்குள் போகிற மனுஷனைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் விளங்கும்.

சனங்களுக்குத்தான் விளங்கவில்லை. யூனியன்வில்லில் இருக்கிற இவருடைய அக்கா யோகமலர் மச்சாள், எந்தப் பிறந்தநாளில் கண்டாலும் நாலு பேருக்குக் கேட்கத்தக்கதாக, தம்பியின் பிளேனில்தானாம் நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போகிறது என்று பகிடி விடுவார். நானும் கூடச் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சட்டி பானையைப் போட்டு உடைப்பேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆனி மாதம் இடப்பக்கச் செட்டையின் மரவேலை முடிந்தது. இனித் துணி. இந்தச் சாதி விமானத்துக்குச் செட்டை என்பது மரச் சட்டமும் அதன்மேல் இழுத்துத் தைத்த துணியும்தான். இவர் ஒரு துண்டு தைத்துப் பழகிக் காட்டினார். கோழி கிளறினது மாதிரி இருந்தது. நான் குளிர் ஜக்கற் தைக்கிற ஃபக்டரியில் எட்டு வருஷம் மெஷினில் இருப்பவள். எழும்புங்கோ, அந்த ஊசியை இஞ்சால தாங்கோ என்றேன். அன்றைக்குத்தான் நான் இந்த விஷயத்துக்குள் இறங்கினேன்.

இறங்கினவள் சும்மா இருந்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் ஜூலை இருபத்தொன்பதாம் திகதி வருவதாக எழுதியிருந்தார். அவர் செட்டையின் உள்ளைப் பார்த்த பிறகுதான் துணி போடலாம், அதுதான் சட்டம். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் தொங்குகிற கலண்டரில் ஜூலை பதினேழு ஆடி பிறக்கிறது. ஆடியில் ஒருவரும் புதிதாக ஒன்றைத் தொடங்குவதில்லை. என் புருஷன் ஏறிப் பறக்கப்போகிற செட்டைக்கு முதல் துணி ஆடியில் விழுகிறதா? நான் விடவில்லை. ஒரு கிழமை முழுக்கச் சண்டை. உள்ளுக்குப் படம் எடுத்து வையுங்கோ, வாறவருக்குக் காட்டலாம் என்று நானே வழியும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கடைசியில் மனுஷன் களைத்துப்போய், சரி, உம்மட விருப்பம் என்றார்.

பதின்மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, காலையில் ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் நல்ல நேரம். பத்து மணிக்கும் இவர் செட்டைச் சட்டத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். கையில் குறடு. மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் குரல் எழும்பித்தான் போனது. இன்னும் ஐந்து நிமிஷம் என்றார். ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷம் என்றே நேரம் போய்விடும், வந்து தேங்காயை உடையுங்கோ என்றேன். குறட்டை வைத்துவிட்டு வந்தார். கராஜுக்குள் பசை மணம் என்பதால் கற்பூரத்தை வெளியில் கார் நிற்கிற இடத்தில் கொளுத்தினோம். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. பக்கத்து வீட்டு ஜமேக்கா மனுஷிக்கும் ஒரு பாதி கொடுத்தோம். பத்து இருபதுக்குத் துணியை விரித்தோம்.

அதன் பிறகு வந்த பின்னேரங்களைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டும். செட்டையை விளிம்பில் நிமிர்த்தி வைத்து, அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான். ஒரு முழ நீள ஊசி. நான் இங்கிருந்து குத்தினால் அங்கே வரும். அவர் திருப்பிக் குத்தினால் இங்கே வரும். மெழுகு போட்ட நூலை இழுத்து, சட்டத்தோடு சேர்த்து, இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஆளை ஆள் தெரியாது. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும். ஒன்பது வருஷத்தில் பேசாததை எல்லாம் இவர் அந்தத் துணிக்கு மறைவில் பேசினார். சைலன்சர் கடையில் முதல் நாள் அழுத கதையையும் அப்போதுதான் சொன்னார். நான் முடிச்சைப் போட்டுக்கொண்டு கேட்டேன். மொத்தம் இருநூற்று நாற்பது முடிச்சு. கடைசியில் என் சீலை அயன் பண்ணுகிற அயன்பெட்டியால் துணியைச் சூடாக்கி இறுக்கினோம். விரலால் தட்டினால் மேளம் மாதிரிக் கேட்டது.

இன்ஸ்பெக்டரும் விரலால்தான் தட்டினார். டொனலி என்று பெயர். நரைத்த மீசை, நெடுத்த மனுஷன். தட்டிவிட்டு, இதை ஏன் மூடினீர்கள் என்று கேட்டார். இவர் படங்களை எடுத்து நீட்டினார். டொனலி மரியாதையாக ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். படத்துக்குத் தான் கையெழுத்து வைப்பதில்லை, துணியைக் கழற்றினால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் இந்த விமானம் இப்படியே இருக்கட்டும் என்றார்.

எனக்குக் கோபத்தில் கண்கடை தெரியவில்லை. ஃபக்டரியில் பொறுக்கி எடுத்த ஆங்கிலம் அவ்வளவையும் கொட்டினேன். ஒன்பது நாள், இருநூற்று நாற்பது முடிச்சு, ஒன்றைப் பிழை பிடித்துக் காட்டு பார்ப்போம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். உன் தையலில் எனக்குச் சந்தேகமில்லை, அதற்குள்ளே இருப்பதை நான் காணவில்லை என்று மட்டும் சொன்னார். இவராவது என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். மனுஷி கலண்டரைப் பார்த்து அவசரப்படுத்தினவள் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சண்டைக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். இவர் தலையைக் குனிந்துகொண்டு, பிழை என்னுடையது என்றார்.

இவர் கத்தரிக்கோலை எடுக்கப் போனார். நான் பறித்தேன்.

"விடுங்கோ. தைச்சது நான். வெட்டுறதும் நான்தான்."

முடிச்சு முடிச்சாக வெட்டினேன். டொனலி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துணி கழன்றதும் டோர்ச் லைற்றையும் சின்ன ஒரு கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு பொருத்தாகப் பார்த்தார். இடைக்கிடை தலையை ஆட்டினார். மரவேலை அழகாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்வது எனக்குக் கேட்டது. ஆ, இப்போது பார்த்தாயா என்று நெஞ்சுக்குள் நிமிர்ந்தேன்.

செட்டையின் நுனிப் பக்கம் போனவர் நின்றார். இவரைக் கூப்பிட்டார். நானும் போனேன். விமானத்தைச் சரிக்கிற பலகைக்குப் போகிற கம்பி அந்த இடத்தில் ஒரு போல்ற்றில் தொங்குகிறது. போல்ற்றுக்கு ஒரு நட். நட் கழன்றுபோகாமல் அதன் குறுக்கே சின்ன ஒரு பின்னைக் குத்தி வளைத்துவிட வேண்டும். அந்தப் பின் இல்லை. டொனலி இரண்டு விரலால் நட்டைப் பிடித்துத் திருப்பினார். அது சுழன்றது.

பத்து மணித்தியாலம் ஆடினால் கழன்றுவிடும் என்றார். பிறகு, மேலே பறக்கிறபோது கழன்றால், என்று தொடங்கி நட்டிலிருந்து கையை எடுத்தார்.

இவருடைய முகம் வெளுத்துப்போனது. குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவர் கேட்ட ஐந்து நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பின்னைக் குத்துவதற்குத்தான் இவர் அந்த ஐந்து நிமிஷத்தைக் கேட்டார். என் புருஷனின் உயிருக்காக நல்ல நேரம் பார்த்தவள், அந்த நல்ல நேரத்துக்காக என் புருஷனின் உயிரை... நான் அங்கேயே வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துவிட்டேன். அழுதேன்தான், அதில் என்ன வெட்கம். இவர் தகரப் பேணியிலிருந்து ஒரு பின் எடுத்து, குத்தி, அதன் இரண்டு காலையும் வளைத்துவிட்டார். அதே பேணியிலிருந்து நானும் ஒன்று எடுத்தேன். தாலிக்கொடியில் எப்போதும் தொங்குகிற சேஃப்டி பின்களோடு அதையும் கொளுவிக்கொண்டேன்.

டொனலி திறந்த செட்டையைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார், இனி மூடலாம் என்று. மூடினோம். ஆடியில்தான் மூடினோம், நட்ட நடு ஆடியில். யோகமலர் மச்சாள் கேள்விப்பட்டுப் போனில் பதறினார். பதறட்டும். திரும்பவும் இருநூற்று நாற்பது முடிச்சு. இந்த முறை துணி விரிக்க முதல் நானே டோர்ச் லைற் பிடித்து, இவரைக்கொண்டு ஒவ்வொரு நட்டாகத் தொட்டுக் காட்டச் சொன்னேன். இவர் தொட்டார், நான் ஒரு கொப்பியில் சரி போட்டேன். பழைய துணியை உரித்த வலப்பக்கச் செட்டைக்கும் அப்படியேதான்.

புரட்டாதியில் எல்லாம் முடித்து, விட்பிக்கு அங்கால் உள்ள சின்னப் புல்வெளி விமானத் தளத்தில் செட்டைகளை விமானத்தோடு பூட்டி நிறுத்தினோம். டொனலி கடைசிப் பார்வைக்கு வந்தார். அடிமட்டத்தை எடுத்து முடிச்சுக்கு முடிச்சு அளந்தார். ஒரு வரிசை, இரண்டு வரிசை, பிறகு அடிமட்டத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் தன்னுடைய கையெழுத்தை வைத்தார். இவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் இவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தேன், பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

பிறகு டொனலி புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். துணி வேலைக்கு ஒரு வரி இருக்கிறது, செய்தவர்தான் அதில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். ஃபக்டரியில் என் பெயரைப் பாதியில் வெட்டி மங்கா என்பார்கள். சம்பளக் கடதாசியிலும் அரைவாசிதான் இருக்கும். நான் பேனையை வாங்கி, மங்கையற்கரசி குலசிங்கம் என்று முழுக்கத் தமிழில் எழுதினேன். அந்த வரிக்குள் கொள்ளவில்லை. கொஞ்சம் வெளியில் போனது, போகட்டும் என்று விட்டேன்.

முதற் பறப்பு ஐப்பசி தொடங்கி இரண்டாம் நாள், சனிக்கிழமை. இவர் விமானம் ஓட்டுகிற லைசென்ஸ் முன்னமே எடுத்து வைத்திருந்தார். முதல் இருபத்தைந்து மணித்தியாலம் வேறு ஒருவரும் ஏறக்கூடாது என்பது சட்டம். யோகமலர் மச்சாள் ஒரு தட்டுப் பற்றிஸ் பலகாரத்தோடும் பிளாஸ்கில் தேத்தண்ணியோடும் வந்திருந்தார். ஒன்பதரை. காற்றின் திசை காட்டுகிற துணிப் பை ஆடாமல் தொங்கியது. பத்தரைக்குப் பிறகு குறுக்குக் காற்று எழும்பும் என்று தளத்தில் சொல்லியிருந்தார்கள். இவர் கதவைத் திறக்க மச்சாள் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, சனிக்கிழமை ஒன்பதிலயிருந்து பத்தரை ராகு காலமடா. ஒரு மணித்தியாலம் பொறு."

இவர் என்னைப் பார்த்தார். கலண்டர் விஷயத்தில் இந்த வீட்டில் யாருடைய சொல் நடக்கும் என்று இவருக்குத் தெரியும். எனக்கும் அது ராகு காலம் என்று தெரியும், காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

"பின் எல்லாம் பூட்டியிருக்கு," என்றேன். "நான் கண்ணால பாத்தனான். காத்தும் நல்லாயிருக்கு. நீங்கள் போங்கோ."

இவர் ஏறினார். இயந்திரம் இருமிப் பிடித்தது. புல்லுக்கு மேலே ஓடி, ஒரு துள்ளுத் துள்ளி, பிறகு துள்ளாமல் எழும்பியது. மச்சாள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். என் கை தன்பாட்டில் தாலிக்கொடியைப் பிடித்தது. அதில் தொங்கிய பின் விரலில் குத்தியது.

ஒரு வட்டம் அடித்துத் திரும்பும்போது இவர் எங்கள் தலைக்கு மேலே இடப்பக்கமாகச் சரித்தார். செட்டையின் அடிப்பக்கம் வெயிலில் தெரிந்தது. வரிசை வரிசையாக என் முடிச்சுகள் தெரிந்தன, ஒன்றும் விலகவில்லை. மச்சாள் என் தோளைப் பிடித்து உலுப்பி, என்ர தம்பி கட்டின பிளேனைப் பாருங்கோ என்று தளத்தில் நின்ற வெள்ளைக்காரருக்கெல்லாம் தமிழில் சொன்னார்.

"செட்டை நான் தைச்சது, மச்சாள்," என்றேன். "ரெண்டு தரம்."