வாஷிங் மெஷின் மேல் வைத்த லேப்டாப்

"லேப்டாப்ப கொண்டுபோய் யாராவது வாஷிங் மெஷின் மேல வைப்பாங்களா?" என்று அண்ணி கத்தினாள்.

"மேல ஒண்ணு இருக்கேன்னு பாக்காம பட்டன தட்டறவங்க இருக்கும்போது, எங்க வச்சா என்ன?" என்று அம்மா திருப்பிக் கொடுத்தாள்.

குடியிருப்பில் அந்த நேரம் யாரும் குழாயைத் திறக்கவில்லை. ஒரு சொல் தவறிப்போனால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அக்கா மிக்ஸியைப் பாதியில் நிறுத்திவிட்டு நின்றதாக, பிற்பாடு அவளே பெருமையாகச் சொன்னாள்.

விஷயம் இதுதான். அந்த வீட்டுச் சின்னவள் முதுகலை கடைசி வருஷம். ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நோயாளிக்குத் துணையாகக் காத்துக்கிடக்கும் பெண்களைப் பேசவைத்து, குரலைப் பதிந்து, அதை வைத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் அண்ணன் கழித்துக்கட்டிய பழைய லேப்டாப்புக்குள் இருந்தது. அதன் சார்ஜர் வீட்டிலேயே ஒரு ப்ளக்கில்தான் விழாமல் நிற்கும். அந்த ப்ளக் துணி துவைக்கிற மூலையில். அன்றைக்குத்தான் அவளுக்குப் புத்தி வந்து, எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அண்ணி முகம் மறைய ஒரு அணைப்புத் துணியோடு வந்து மெஷினின் முன்கதவு வழியாக உள்ளே திணித்தாள், பட்டனைத் தட்டினாள். துணி பிழியும்போது அந்த மெஷின் எப்படி ஆடும் என்பதைக் கீழ்வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கேட்டால் சொல்லும். நகல் பாதிகூட ஆகாமல் லேப்டாப் தரையில் விழுந்தது.

பெரியவர்கள் பழியைப் பந்துபோல் தட்டிக்கொண்டிருக்க, சின்னவள் கையில் சோறு காய, லேப்டாப்பின் டக் டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் யாருடையதோபோல் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் 'வருத்தம்' என்று ஒற்றை வார்த்தை அனுப்பினார். சமர்ப்பிக்கும் தேதியை நகர்த்தவில்லை. தவறினால் ஒரு வருஷம் போச்சு.

லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்த டிஸ்க் கடைக்காரர் ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டுக் கூப்பிட்டார். "வழிச்சு எடுத்துட்டேன்மா. ஆனா பேரெல்லாம் போச்சு, வெறும் நம்பர்தான். நீ எப்பவோ அழிச்சதும் சேந்து வந்திருக்கும், பாத்துக்க."

எழுதிய அத்தியாயங்களைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக எறும்பு ஊர்ந்தது. குரல்கள் மட்டும் பிழைத்திருந்தன. எது யாருடையது என்று கேட்டுக் கேட்டுப் பெயர் வைத்து, மறுபடி எழுத வேண்டும். தோழியிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பின் முன்னால் சின்னவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்து இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தள்ளு. ஒரு காது குடு."

இயர்போனின் ஒரு முனை இவள் காதில், மறுமுனை அவள் காதில். அண்ணிக்கு இப்படியொரு காது இருக்கும் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. "இது அந்த இருமற அம்மா. நேத்து மூணாவதா வந்தாங்கல்ல?" என்பாள். "இவங்க புருஷன திட்டிக்கிட்டே அழறவங்க, அங்க சேரு." நாளுக்கு நாள் வேலை ஓடியது. அம்மாகூட இரண்டு பேருக்கும் சேர்த்துக் காபி வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் பாத்திரம் உருளும் சத்தத்தோடு ஒரு கோப்பு ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி இல்லை. மைக் வாங்கிய புதிதில், சரியாகப் பதிகிறதா என்று பார்க்கச் சமையலறையில் வைத்தது.

"ஏங்...க, கொஞ்சம் கேக்கறீங்...களா, உங்கம்மா என்ன சொல்றாங்...கன்னா..." மூக்கால் இழுத்து இழுத்து ஒரு குரல். அண்ணியின் குரல்போலவே இருந்தது. ஆனால் சின்னவளுடையது.

அதே பதிவில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியே அவதான்டி! இன்னொரு தரம் பண்ணு!"

இன்னொரு தரமும் பண்ணியிருந்தாள்.

நிறுத்தும் விசை சின்னவளின் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. விரல் போகவில்லை. கடைசிவரை ஓடி, தானாக நின்றது. அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உன் வேலைக்கு ஆகாதுல்ல?"

"ஆகாது அண்ணி."

"அப்ப அடுத்தத போடு."

ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணி எழுந்து போய்விடுவாள், மிச்சக் குரல்கள் அப்படியே கிடக்கும் என்ற கணக்குத்தான் முதலில் வந்தது. சின்னவள் அடுத்ததைப் போட்டாள். கடைசிக் கோப்புவரை அண்ணி எழவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு குரலுக்கும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

ஆய்வேடு தேதிக்குள் போனது. வாய்மொழித் தேர்வில், காது கொடுத்துக் கேட்டிருக்கிறாய் என்று பாராட்டினார்களாம்.

அடுத்த மாதமே அண்ணனும் அண்ணியும் தனி வீடு பார்த்துப் போனார்கள். ஆபீஸுக்குப் பக்கம் என்றான் அண்ணன். பஸ்ஸில் போய்ப் பார்த்த டைப்பிஸ்ட் அக்கா, அங்கிருந்து ஆபீஸ் இன்னும் தூரம்தான் என்று வந்து சொன்னாள். அவளும் இப்போது இங்கே இல்லை. ஒரு லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்த வீட்டுக்கு இனி செய்தி வருவது சிரமம்தான்.

வேலை கிடைத்ததும் சின்னவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். கதவைத் திறந்த அண்ணி சிரித்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், விலைச் சீட்டின் பசை இன்னும் போகாத புதுக் கண்ணாடி டம்ளர் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.