சுற்றமும் நட்பும் டாட் எச்

ஆம்பூரில் எங்கள் கம்பெனி தோலின் பரப்பை அளக்கும் மெஷின் செய்கிறது. அதன் மூளையான லினக்ஸ் கர்னலுக்குள் நிரல் எழுதுவது எனக்கும் தபரேஸுக்கும் வேலை. எந்த ஃபைலானாலும் தனக்கு வேண்டிய பொது விவரங்கள் உள்ள ஹெடர் ஃபைல்களை உச்சியில் பேர் சொல்லி அழைக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு சோம்பேறி, எல்லா ஹெடரையும் கூட்டிவரும் ஒற்றை ஹெடரைச் செய்துவைத்துவிட்டுப் போய்விட்டான். பெயர் சுற்றம் டாட் எச். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று போடுவோமே, அது மாதிரி. ஒரு வரி போட்டால் ஊரே வந்து உட்காரும். அதில் ஒரு எழுத்தைத் தொட்டாலோ, அத்தனை ஃபைலும் மறுபடி கம்பைல் ஆகி மெஷின் மொழிக்கு மாற வேண்டும். நாற்பது நிமிடம் போச்சு.

மேனேஜர் ஜெயசீலன் சார் திங்கட்கிழமை சொன்னார்: "அத்த தூக்கிடுங்க. வெள்ளிக்கெழம பேரணாம்பட்டு பார்ட்டி தோலோட வர்றாங்க. யாரோட ஃபைலு பேஜார் பண்ணாம ஓடுதோ, அவங்கதான் மெஷினோட சென்னை கண்காட்சிக்கு."

எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. மூன்று வருஷமாக, நான் எழுதியதை எவனோ கண்காட்சியில் கோட் போட்டுக்கொண்டு விளக்குவதைப் போட்டோவில் பார்த்து வயிறெரிந்தவள் நான்.

புதன்கிழமை அவரவர் ஃபைல்களிலிருந்து சுற்றத்தை நீக்கி கம்பைல் செய்தோம். தபரேஸுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பிழை. எனக்கு ஒன்றுகூட இல்லை!

"இன்னா தோஸ்த், ஜாஸ்தியா?" என்றேன். "என் ஃபைலு எல்லாரையும் தனித்தனியா பேர் சொல்லி கூப்புட்டிருக்குது."

"போம்மா எழில்," என்று முனகிவிட்டு, இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். நான் புடவைக்கு மேல் கோட் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை. பேரணாம்பட்டுப் பச்சையப்பன் ஒரு முழுத் தோலை மெஷினில் விரித்தார். உருளை சுற்றியது, விளக்குகள் எரிந்தன, திரை சொன்னது: 0 சதுர அடி.

"இன்னாம்மா இது? மாடு முழுசா இருக்குது, அடி மட்டும் சைபரா?"

அடியைக் கணக்குப் போடுவது என் ஃபைல்தான்; மானம் கப்பலேறியது. தபரேஸ் என் ஃபைலைத் திறந்து பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டான். என் ஃபைலின் முதல் வரி: 'அளவு' என்ற பெயர் இருந்தால் மட்டும் கீழே உள்ளதைக் கம்பைல் செய். அந்தப் பெயர் இருந்ததோ சுற்றத்துக்குள். சுற்றம் போனதும் அளவும் போச்சு. என் ஆயிரத்து நூறு வரியும் சத்தமே இல்லாமல் ஒதுங்கிக்கொண்டன. வெறும் ஃபைலில் பிழை எங்கிருந்து வரும்?

"என்னுதுங்க வர மாட்டேன்னு சண்ட போட்டுச்சு," என்றான். "உன்னுது பத்திரிக வரலன்னு வீட்லயே படுத்துக்கிச்சு."

'அளவு' என்ற பெயரை வைத்து ஹெடர் ஒன்றை நானே எழுதி, என் ஃபைலின் உச்சியில் சேர்த்தேன். திரை இருபத்தாறு அடி காட்டியது. பச்சையப்பனுக்குச் சந்தோஷம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜெயசீலன் சார் என்னைத் தாண்டிப் பார்த்துக் கேட்டார்: "தபரேஸ், உன் கோட் அளவு இன்னா?"